ஃபானை நிற்பாட்டச் சொல்லும் தொழில்

கொழும்பில் ஒரு பட்டறையில் பியானோ சுருதி கூட்டக் கை பழகிய தம்பி ஒருவர் கேட்கிறார்: ஊருக்கே திரும்பி வந்து, திருகோணமலையில் வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்தால் மனசுக்கு என்ன கிடைக்கும்? காசு எவ்வளவு வரும் என்பது தனக்கு ஓரளவு தெரியும் என்கிறார். மேடைப் பியானோக்களைத் தொட்ட கைக்கு வீட்டுப் பியானோ ஒரு இறக்கமாகத் தெரியுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

அவருக்குத் தெரிந்திருந்தாலும், மற்றவர்களுக்காகக் காசுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் ஊரில் உண்மையான தந்திப் பியானோ குறைவு. கன்னியர் மடங்கள், தேவாலயங்கள், மிஷன் காலத்துப் பள்ளிக்கூடங்கள், உவர்மலையிலும் பாலையூற்றிலும் சில பழைய வீடுகள். மற்ற வீடுகளில் இருப்பது கரண்டில் ஓடும் கீபோர்ட். அதற்கு எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே பஜனை ஆர்மோனியத்தையும் தொட வேண்டும், மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏற வேண்டும். மட்டக்களப்புப் பயணம் இப்போது சுகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்னர், கரையோரமாகப் போவதென்றால் கருவிப் பையோடு பாதைப் படகுக்குக் காத்திருந்தே பொழுது போகும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பதோ வேறு ஏதாவது கைவேலையோ பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்டது. முதலில் கிடைப்பது காதுக்கு. பட்டறையில் செயலியைப் பார்த்துக் கூட்டப் பழகியிருப்பீர்கள். ஊசி நடுவுக்கு வந்தால் பச்சை காட்டும். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தந்தியின் விறைப்பால் அதன் மேற்சுரங்கள் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒலிக்கும். அதனால் ஸ்தாயிகளைச் சற்று இழுத்துத்தான் வைக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதைச் செயலி அளந்து சொல்லும். ஆனால் தனியாக வேலை செய்யத் தொடங்கினால் மெல்ல மெல்லக் காதிடம் வருவீர்கள், வந்தபிறகு திரும்ப மாட்டீர்கள். 440 ஹேர்ட்ஸ் இசைக்கவையை முழங்காலில் தட்டி ஏ சுரத்தை வைக்கிறோம். அதிலிருந்து நடு ஸ்தாயி முழுவதையும் காதால் பிரித்துக் கட்டுகிறோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அடிப்பு தெரியும்: கிட்டக்கிட்ட உள்ள இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் ஒலி ஏறி இறங்கும், வித்தியாசம் எத்தனையோ செக்கனுக்கு அத்தனை தடவை. பரீட்சையில் சுரமானிக் கணக்காக வந்துபோன அந்த விசயத்தை வைத்துத்தான் முழுப் பியானோவும் கட்டப்படுகிறது. நடு சீக்குக் கீழே உள்ள எஃபும் ஏயும் சேர்ந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு அடிப்பு. ஒரு அரைச்சுரம் மேலே போனால் வேகம் கொஞ்சம் கூடும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். எங்கேயும் துள்ளாமல் அது ஒழுங்காகக் கூடிக்கொண்டு போனால் நீங்கள் கட்டியது சரி.

இதில் எங்கள் காதுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு, தம்புரா சுருதியில் பாடி வளர்ந்த காது இது. நன்றாகச் சேர்ந்த தம்புராவை மீட்டினால், யாரும் தொடாத அந்தர காந்தாரம் உள்ளே இருந்து தானாக ஒலிக்கும். ஒரு அரைச்சுரத்தை 100 செண்ட் என்று வைத்தால், அந்தக் காந்தாரம் ஆதாரச் சுரமான சட்ஜமத்திலிருந்து 386 செண்ட். பியானோவில் அதே காந்தாரத்தை 400இல் வைக்க வேண்டும். பதினாலு செண்ட் கூடுதல், காது கூசும். பஞ்சமத்தில் சங்கடம் குறைவு, 702க்குப் பதிலாக 700. பன்னிரண்டு சுத்தப் பஞ்சமங்களை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23 செண்டுக்குச் சற்றுக் கூட மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பன்னிரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்தால்தான் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஆக, இனிக்கிற இடத்தில் நிற்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைக்கக் கை பழக வேண்டும். எனக்கு இது நெடுங்காலம் பிடித்தது. பழகிய பிறகு இரண்டு காதும் கிடைக்கும். பத்திரகாளி அம்மன் கோவில் வீதியில் பின்னேரம் நாதஸ்வரக்காரர் காந்தாரத்தைப் பிடிக்கிற இடம் எங்கே, காலையில் மடத்துப் பியானோவில் நான் வைத்துவிட்டு வந்த காந்தாரம் எங்கே என்று அந்த இடைவெளியை ரசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. அது ஒரு தனிச் சந்தோசம். கொஞ்சம் கர்வமும்தான்.

அதற்குப் பிறகு வருவது தந்திகளை ஒன்றாக்கும் வேலை. விரலால் அழுத்தும் 88 கட்டைக்கு 220, 230 தந்தி. நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று. இரண்டை ரப்பர் ஆப்பால் அடக்கி, ஒன்றைச் சரிசெய்து, பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து சேர்க்கிறோம். சேரும் முன் ஒலி நெளியும். தந்தி சுற்றியிருக்கும் ஆணியை மயிரிழை நகர்த்த நகர்த்த அந்த நெளிவு நீண்டு நீண்டு வந்து, நின்றுவிடும். மூன்று தந்தி ஒரு தந்தியாகி, ஒலி தெளிந்து முன்னுக்கு வரும். ஒரு பியானோவில் இது நூற்றுக்கு மேற்பட்ட தடவை நடக்கிறது. எனக்கு இன்னும் சலிக்கவில்லை. கந்தோரில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு நாளில் இத்தனை தடவை "சரி, இது முடிந்தது" என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது?

இதற்கு அமைதி வேண்டும், அங்கேதான் வீடு உள்ளே வருகிறது. சுழலும் ஃபானுக்குக் கீழே அடிப்பு எண்ண முடியாது. இறக்கை காற்றை வெட்டும்போது ஒலியும் சேர்ந்து நடுங்கும். எது தந்தியின் நடுக்கம், எது ஃபானின் நடுக்கம் என்று பிடிபடாது. ஆகவே ஆடி மாதத்துக் கச்சான் காற்றின் வெக்கையிலும் போன உடனே நான் சொல்வது "அன்ரி, ஃபானைக் கொஞ்சம் நிற்பாட்டுங்கோ" என்பதுதான். "வெந்து போவீங்கள், தம்பி" என்பார்கள். வேகத்தான் வேண்டும். அடுத்தது பிரிட்ஜ். இலங்கையில் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் பிரிட்ஜின் முனகல் பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸில் இருக்கும். பியானோவின் கீழ் ஜீ ஒன்று 98. இரண்டும் சேர்ந்து செக்கனுக்கு இரண்டு அடிப்புக் கொடுக்க, புதியவர் தந்தியில் பிழை தேடிக்கொண்டிருப்பார். 2022இல் சில நாட்களில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் சனம் அவதிப்பட்டபோது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், என் வேலை அருமையாகப் போனது. தெருவை மட்டும் நிற்பாட்ட முடியாது. பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பேத்தோவனின் அந்த ஒரே மெட்டை அடித்துக்கொண்டு வரும், அதுவும் ஸ்பீக்கரின் சொந்தச் சுருதியில். அது சந்தி திரும்பும் மட்டும் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கண் பெரிதாகத் தேவைப்படாத தொழில் இது. 1830களில் பாரிஸில் குளோட் மொந்தால் என்பவர், தானே பார்வையற்றவர், அங்குள்ள பார்வையற்றோர் கல்வி நிலையத்தில் தன்னைப் போன்றவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். ஐரோப்பாவில் பார்வையற்ற ரியூனர்கள், அதாவது சுருதி கூட்டுகிறவர்கள், என்றொரு மரபே அதற்குப் பிறகு வளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் எனக்கும் உண்டு. அப்போது நடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபானும் டீவியும் நின்றுபோன வீட்டில் மற்றவர்களும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் அரை மணித்தியாலம் "டங் டங் எண்டு ஒரே சத்தம்" என்று பிள்ளைகள் சிரிக்கும். பிறகு சிரிப்பு அடங்கும். சங்கீதம் ஒன்றும் படிக்காத ஒரு அம்மா, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே "இப்ப சேர்ந்திட்டுது" என்றார். சொன்ன கணம் சரியான கணம். நெளிவு நின்றதை அவரும் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் ஒருவரையாவது பக்கத்தில் இருத்தி, சேராத தந்தியையும் சேர்ந்த தந்தியையும் மாறி மாறிக் காட்டுவேன். காது கேட்கிறவரில் வித்தியாசம் பிடிபடாதவர் என்று ஒருவரை நான் இதுவரை காணவில்லை. தனக்குச் சங்கீதக் காதே இல்லை என்று ஆயுள் முழுவதும் நம்பியிருந்த மனிதரின் எண்ணத்தை ஐந்து நிமிசத்தில் உடைத்துவிடலாம். மேடையில் இது கிடைக்காது, தம்பி. அங்கே மண்டபம் வெறுமையாக இருக்கும்போது வந்து, சனம் வரும் முன் போய்விட வேண்டும்.

அடுத்தது, மனிதர்கள் உங்களை உள்ளே விடுவது. எங்கள் வீடுகளில் மேசனும் எலக்ரீசியனும் வேலை முடித்து, விறாந்தையில் நின்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ரியூனர் இருப்பது ஹோலின் நடுவில், இரண்டு மூன்று மணித்தியாலம். செய்யும் முதல் காரியமே பியானோவின் மேலே உள்ள படங்களை இறக்குவது. பியானோவின் தலையில் படம் வைக்காத வீட்டை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை: கலியாணப் படம், முதல் நன்மை எடுத்த படம், பட்டமளிப்புத் தொப்பியோடு மகன், மாலை போட்ட தாத்தா, மாதா சுரூபம், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மின்குமிழ். "இவர் ஆர்?" என்று கேட்கத் தேவையில்லை. படத்தைக் கையில் வாங்கும்போதே வீட்டம்மா சொல்லத் தொடங்கிவிடுவார். 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவர்களிடம் மலிவாக வாங்கியது என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். இன்னொரு வீட்டில் அது பாட்டியின் சீதனம். பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கி வீட்டில், பைலாவுக்கு அடித்தடித்தே நடுச் சுத்தியல்கள் தேய்ந்த பியானோவும் உண்டு. சுத்தியலின் ஃபெல்டில் விழுந்திருக்கிற பள்ளங்களைப் பார்த்தே அந்த வீட்டில் எந்தச் சுருதியில் அதிகம் வாசித்தார்கள் என்று சொல்லிவிடலாம். வீட்டார் சொல்லும் கதையையும் பள்ளங்கள் சொல்லும் கதையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குள்ளே நான் விளையாடும் விளையாட்டு. வெளியே சொல்வதில்லை. ஒரு வீட்டுக் கதையை இரண்டாவது வீட்டில் சொல்லும் ரியூனருக்கு மூன்றாவது வீடு கிடைக்காது.

கட்டைகளைக் கழற்றினால் அடியில் கிடப்பவை தனி: செல்லாத சதக் காசு, புளியங்கொட்டை, செபமாலை மணி, பென்சில் துண்டு, சில வேளை ஒரு தோடு. தோடு கிடைத்தால் அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டார்கள். எலிக்கூடு கிடைத்தால் கதை வேறு. தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர் ஃபெல்டைப் பிய்த்துப் படுக்கை போட்டு, மூத்திரத்தில் தந்தியைத் துருப்பிடிக்க வைத்திருக்கும்.

முன்னைய ரியூனர்கள் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஒரு பழைய ஆங்கிலப் பியானோவில் 1940களின் தொடக்கத் தேதி ஒன்றைப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தக் காலத்தை ஒட்டி ஒருவர் கருவிப் பையோடு வந்து, இதே ஆணிகளைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். அறுந்த தந்தி ஒன்றைப் புதுத் துண்டு வைத்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். முடிச்சு இன்னும் வழுகவில்லை. பெயர் வாசிக்க முடியவில்லை. அந்த முடிச்சை வரைந்து எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் கழிவுத் தந்தியில் போட்டுப் போட்டுத்தான் நான் படித்தேன். நானும் இப்போது ஒவ்வொரு பியானோவிலும் ஆண்டும் மாதமும் எழுதிவைக்கிறேன். சம்பளப் பட்டியலில் வராத வரவு இது: உங்களுக்கு முன்னால் வந்தவரின் கையோடு உங்கள் கை பேசுவது.

இந்த ஊரில் இன்னொரு வகை வேலையும் உண்டு, வாசிக்க ஆளில்லாத பியானோவைக் கூட்டுவது. யுத்த காலத்தில் வெளிக்கிட்டவர்கள் பியானோவைக் கொண்டுபோகவில்லை. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமானை யார் கொண்டுபோவது? பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், இங்கே தாயும் பியானோவும். வருடம் ஒருமுறை எனக்கு அழைப்பு வரும். "ஆர் வாசிக்கிறது, அன்ரி?" என்று தொடக்கத்தில் கேட்பேன், இப்போது கேட்பதில்லை. வாசிக்காவிட்டாலும் தந்தி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஒவ்வொன்றும் 70, 80 கிலோ, எல்லாம் சேர்த்தால் 18 தொன் அளவில். பல வருடம் விட்டு ஒரேயடியாக ஏற்றப் போனால் தந்தி அறும், ஏற்றியதும் நிற்காது. ஆகவே அந்தத் தாய்மார் செய்வது பாசத்தால் மட்டுமான செலவு என்று நினைக்க வேண்டாம். கூட்டி முடித்ததும் வட்ஸ்அப்பில் மகளை எடுத்து, போனைப் பியானோவுக்கு முன்னால் பிடிப்பார்கள். அந்தப் போனை நம்பாதீர்கள். நீண்டு நிற்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும். நீங்கள் உயிரைக் கொடுத்துக் கூட்டியது அங்கே தகரச் சத்தமாகக் கேட்கும். ஆனாலும் மகளுக்கு அது போதும். "அந்த மேல் டீ இப்பவும் ஒட்டுதா?" என்று கேட்டார் ஒருவர். பள்ளிக்கூடக் காலத்தில் ஒட்டிய கட்டையை, பேரப்பிள்ளை காணும் வயதிலும் விரல் மறக்கவில்லை. அதை எப்போதோ திருத்திவிட்டேன் என்று சொன்னதும் அவருக்குச் சந்தோசமா கவலையா என்று எனக்கு விளங்கவில்லை.

காலநிலை பற்றி. தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கும் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் ஏறினால் ஊதி, வளைவு கூடி, தந்திகளை மேலே தள்ளும், சுருதி ஏறும், அதுவும் நடுப்பகுதியில்தான் அதிகம். காய்ந்தால் இறங்கும். எங்களுக்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடை மழை. மே மாதத்திலிருந்து கச்சான் அடித்து எல்லாவற்றையும் காயவைக்கும். ஊரில் எல்லாரும் ரியூனரைத் தேடுவதோ நத்தாருக்கு முன், மழை நடுவில். அப்போது கூட்டியது பங்குனியில் இறங்கி நிற்கும். "நீங்கள் வந்துபோய் நாலு மாதம்கூட இல்லையே" என்று பேச்சு வரும். மாசிக் கடைசியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என்பதுதான் முறை. ஆனால் கரோல் பாடப் போகிறவர்களிடம் ஒலிப்பலகையைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. நத்தாருக்கு நடு ஸ்தாயிகளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு, மாசியில் முழுதாகக் கூட்டுவது என் வழி.

ஒவ்வொரு வீட்டுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் வையுங்கள்: எவ்வளவு ஏறியிருந்தது, எவ்வளவு இறங்கியிருந்தது, ஈரமானி என்ன காட்டியது. சில வருடங்களில் வீடுகளே பிடிபடத் தொடங்கும். டச் பே பக்கம் உப்புக்காற்றில் தந்தி கறுத்து, ஆணிச் சுற்றில் துரு ஏறியிருக்கும். உவர்மலையில் ஒரு வீட்டில் பியானோவை மேற்கு ஜன்னலுக்கு நேரே வைத்திருந்தார்கள். கச்சான் நேரே அதில்தான் அடிக்கும். உள் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். அடுத்த முறை போனபோது பாதி வேலைதான் இருந்தது. எனக்கு வருமானம் குறைவு, ஆனால் நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் திருப்தி. மழைக்காலத்தில் கீழே சின்னக் குமிழ் ஒன்றை எரியவிடும் பழைய வீடுகளையும் காண்பீர்கள். சூட்டில் ஈரம் குறையும் என்பது சரியான யோசனைதான், குமிழ் ஃபெல்டுக்குக் கிட்ட இல்லாமல் இருந்தால்.

பழைய பியானோக்களில் கட்டை நுனியில் சின்னப் பித்தளைத் திருகாணி கண்டால் தொட்டுப் பாருங்கள். வெப்ப நாடுகளுக்கென்று ஐரோப்பியக் கம்பனிகள் பசையை மட்டும் நம்பாமல் திருகாணியும் போட்டு அனுப்பியவை அவை. இந்த ஈரத்தில் பசை விட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டது இன்னும் உழைக்கும். 440க்கு ஏற்றினால் தந்தி அறும் என்று பட்டால், அரைச்சுரம் கீழேயே வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுத்துவிடுவேன். தனியாக வாசிப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, புல்லாங்குழலோடு சேர்ந்தால்தான் வில்லங்கம். ஆனால் ஆணி இறங்கியிருக்கும் பலகை வெடித்திருந்தால், அல்லது கறையான் உள்ளே போயிருந்தால், அந்தப் பியானோவின் காலம் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வருடா வருடம் போய், நிற்காத ஆணிகளைத் திருப்பிவிட்டுக் காசு வாங்குவது லேசான வேலை; செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்கள் தானே இதைச் சொல்ல வேணும்" என்றார். அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த வேறு வீடுகளின் வேலை, அந்தப் பியானோ தந்திருக்கக்கூடியதை விட அதிகம்.

பிள்ளைகள் உள்ள வீடுகளைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மழைக்காலத்தில் கட்டைக்கு அடியில் உள்ள துணி ஊறிப் பருத்து, அழுத்திய கட்டை மெதுவாக எழும்பும். ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது அடி விழாது. லண்டன் சங்கீதப் பரீட்சைக்குப் படித்த ஒரு சிறுமி அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் தடுக்கி, "விரலைத் தூக்கு" என்று பேச்சு வாங்கி, பியானோவையே வெறுக்கத் தொடங்கியிருந்தாள். குறட்டால் அந்தத் துணியை நெருக்கி விடுவது சில நிமிச வேலை. பிறகு அவளை இருத்தி அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். ஓடியது. இன்னொருமுறை வாசித்தாள், ஓடியது. என்னைப் பார்க்கவில்லை, தாயைத்தான் திரும்பிப் பார்த்தாள்: பிழை தன் விரலில் இல்லை என்று. பெரிய வித்துவான் மேடையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டாலும் அதற்குச் சமமாகாது என்பது என் கட்சி. இதனால்தான் வேலை முடிந்ததும் நீங்கள் இருந்து உங்கள் கெட்டித்தனத்தைக் காட்டி வாசிக்க வேண்டாம் என்கிறேன். பல ரியூனர்கள் செய்வது அதுதான். கூட்டிய பியானோவை முதலில் தொட வேண்டியது அந்த வீட்டு ஆள், இரண்டு விரலால் ஒரு கீதம் மட்டும் தெரிந்தவராக இருந்தாலும்.

மேடையா வீடா என்று நீங்கள் ஒன்றைத் தெரிவுசெய்யத் தேவையில்லை. கொழும்புப் பட்டறைத் தொடர்பை விட்டுவிடாதீர்கள். செம்பு சுற்றிய கீழ்த்தந்தி ஒன்று அறுந்தால் அளந்து எடுப்பிக்க அங்கேதான் வழி. கிடைத்தால் மேடை வேலையும் இடையிடையே செய்யுங்கள், கையின் கூர் போகாது. ஊரில் முதலில் போக வேண்டியது மடங்களுக்கு. ஒரு சிஸ்டர் திருப்திப்பட்டால், அவரிடம் படித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவுகள் தானாகத் திறக்கும். மாசிக் கடைசியில் வாருங்கள். வாடை ஓய்ந்து மரம் ஒரு நிலைக்கு வந்திருக்கும். முதலாவது வேலையே நின்று பேர் சொல்லும். வருவதற்கு முன் ஆர்மோனிய நாக்குச் சுரண்டவும் படித்துக்கொள்ளுங்கள்: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், கூடச் சுரண்டினால் புது நாக்குத்தான் வாங்க வேண்டும்.